பட்டுத் திரும்பும் ஜிபிஎஸ் அலையில் நம்ம ஊர் ஏரி தெரியுமா?

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "முப்பது கிலோகூட இல்லாத குட்டி செயற்கைக்கோள்கள், போனில் வழி காட்டுகிற அதே ஜிபிஎஸ் சிக்னல் தரையில் பட்டுத் திரும்புவதை வைத்தே மண் ஈரம், கடல் காற்று எல்லாம் அளக்கிறதாமே, நிஜமா? நிஜம் என்றால் எங்கள் ஊர் ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அதில் பார்த்துச் சொல்ல முடியுமா?"

நிஜம்தான். விண்ணிலிருந்தே இதைச் செய்ய ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஏரி விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. பெரிய ஏரி என்றால் நிறைந்திருக்கிறதா, வற்றிக் கிடக்கிறதா என்பது மேலிருந்து தெரியும், அதுவும் மேகம் மூடிய ஐப்பசி கார்த்திகையிலேயே தெரியும். எத்தனை அடி தண்ணீர் என்பது இந்தக் குட்டி செயற்கைக்கோள்களில் இன்றைக்குத் தெரியாது. ஆனால் இதே முறையை ஏரிக்கரையில் ஒரு கம்பம் நட்டுச் செய்தால் அடிக்கணக்கு என்ன, சென்டிமீட்டர் கணக்கிலேயே நீர்மட்டம் கிடைக்கும். பல பேர் செயற்கைக்கோளைப் பற்றி மட்டுமே பேசிவிட்டு இந்தக் கம்பத்தை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் நம் மாவட்டத்துக்கு முக்கியமாகப் படுகிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அடிப்படை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை ராத்திரி பகல் பாராமல் அனுப்பும் அலையின் நீளம் ஏறக்குறைய 19 சென்டிமீட்டர். அந்த அலை நம் போனைத் தேடி மட்டுமா வருகிறது, வயல், ரோடு, கடல், காடு எல்லாவற்றின் மேலும் விழுகிறது, விழுந்ததில் ஒரு பங்கு பட்டுத் தெறித்து மறுபடியும் வானத்துக்கே போகிறது. சர்வே எடுப்பவர்களுக்கு இந்தத் தெறிப்பு தலைவலி, நேராக வரும் அலையோடு கலந்து கணக்கைக் கெடுக்கும். ஐரோப்பிய விண்வெளி முகமையில் இருந்த மானுவேல் மார்ட்டின்-நெய்ரா 1993இல் இதைத் திருப்பிப் போட்டு யோசித்தார்: தெறித்து வரும் அலையை ஒரு செயற்கைக்கோளில் பிடித்து, நேராக வந்த அலையைவிட எவ்வளவு தாமதமாக வந்தது என்று பார்த்தால், தெறித்த இடத்தின் உயரத்தையே, அதாவது கடல் மட்டத்தையே அளக்கலாமே என்று. அங்கிருந்துதான் இந்தத் துறை வேகம் பிடித்தது.

தெறித்த அலையில் தகவல் எப்படி வருகிறது என்பதற்குப் பௌர்ணமி அன்றைக்குக் காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் நின்று பார்த்தால் போதும். காற்று இல்லாவிட்டால் தண்ணீரில் நிலா வட்டமாக, ஒரே இடத்தில் பளிச்சென்று தெரியும். காற்று அடித்து அலை எழும்பினால் அதே வெளிச்சம் நீளமாகச் சிதறி, நடுவில் மங்கி, ஏரி முழுக்கத் துண்டு துண்டாக மினுக்கும். ஜிபிஎஸ் அலைக்கும் இதேதான். தண்ணீர் அசையாமல் இருந்தால் ஒரே புள்ளியிலிருந்து வலுவாக வரும், கொந்தளித்தால் சிதறிப் பலவீனமாக வரும். கடல் மேல் எவ்வளவு சிதறியது என்று அளந்தால் அங்கே காற்று எவ்வளவு வேகம் என்று பின்னோக்கிக் கணக்குப் போடலாம்.

மண் ஈரம் தெரிவது வேறு காரணத்தால். மின்காந்த அலைகளைப் பொறுத்தவரை தண்ணீருக்கும் காய்ந்த மண்ணுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மின்கடப்புத் திறன் என்று ஒரு அளவு உண்டு, காய்ந்த மண்ணுக்கு அது 3 முதல் 5 வரை, தண்ணீருக்கு ஏறக்குறைய 80. மழை பெய்து மண்ணில் தண்ணீர் ஏற ஏற, கலவையின் எண் உயர்ந்துகொண்டே போகும், அதற்கேற்ப மண் அலையைத் தெறிக்கவிடும் அளவும் கூடும். ஆக காய்ந்த செம்மண் காடு மங்கலாகத் தெரியும், நேற்று மழை பெய்த அதே காடு பிரகாசமாகத் தெரியும், தண்ணீர் நிற்கும் நெல் வயல் அதைவிடப் பிரகாசம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், இந்த அலை மண்ணுக்குள் மேலே உள்ள நாலைந்து சென்டிமீட்டர்தான் பார்க்கும். வேர்க்கடலை வேருக்குக் கீழே ஈரம் இருக்கிறதா என்று இதைக் கேட்டால் நேரடியாகப் பதில் வராது.

சரி, இவ்வளவு குட்டியாக எப்படி செய்ய முடிகிறது? ரேடார் செயற்கைக்கோள் என்றால் தானே அலையை அனுப்ப வேண்டும், அது திரும்பி வருவதைத் தானே பிடிக்க வேண்டும். அனுப்புவதற்குத்தான் பெரிய மின்சாரம், பெரிய சோலார் பலகை, பெரிய ஆன்டெனா எல்லாம். இங்கே அனுப்பும் வேலையை வேறு யாரோ ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்கள், அமெரிக்காவின் ஜிபிஎஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ என்று வானம் முழுக்க அலை. நம்முடையது கேட்கும் வேலை மட்டும். அதனால்தான் எடையும் செலவும் இப்படிக் குறைகின்றன, ஒன்றுக்குப் பதில் எட்டு விட முடிகிறது, எட்டு விட்டால் கடலில் ஒரே பகுதியைச் சராசரியாகச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க முடிகிறது.

கேட்கும் வேலை லேசானது என்று நினைத்துவிடாதீர்கள். ஜிபிஎஸ் அலை தரைக்கு வரும்போதே அதன் வலு, ஒரு வாட்டை நூறு கோடி கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒன்றிரண்டு பங்கு. அது தெறித்து, இன்னும் ஐநூறு கிலோமீட்டருக்கு மேல் ஏறி செயற்கைக்கோளுக்குப் போகும்போது இன்னும் நலிந்து, கருவியின் சொந்த இரைச்சலுக்குள் முழுசாகப் புதைந்துபோயிருக்கும். காப்பாற்றுவது எது என்றால், அலையில் ஏற்றியிருக்கும் குறியீடு நமக்கு முன்கூட்டியே தெரியும் என்பதுதான். 1,023 துண்டுகள் கொண்ட ஒரு வரிசை, ஒரு நொடியில் ஆயிரம் தடவை திரும்பத் திரும்ப வரும். கருவி அதே வரிசையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, கொஞ்சம் தாமதித்து, அதிர்வெண்ணைக் கொஞ்சம் நகர்த்தி, வந்ததோடு பொருத்திப் பொருத்திப் பார்க்கும். பொருந்தும் இடத்தில் மட்டும் இரைச்சலுக்கு மேலே தலை தூக்கும். இதை நூற்றுக்கணக்கில் கூட்டினால் ஒரு சின்ன அட்டவணை கிடைக்கும், ஒரு பக்கம் தாமதம், இன்னொரு பக்கம் டாப்ளர் நகர்வு, அதாவது செயற்கைக்கோள்கள் ஓடுவதால் அதிர்வெண் நகரும் அளவு. நாசாவின் சிக்னஸ் என்ற குட்டி செயற்கைக்கோள் கூட்டம் பொதுவில் வெளியிடும் அட்டவணை 17க்கு 11, மொத்தம் 187 எண்கள், அவ்வளவுதான். அதில் உச்சி ஒரே கட்டத்தில் கூர்மையாக நின்றால் கீழே அமைதியான தண்ணீர், குதிரை லாடம் மாதிரி வளைந்து பரவினால் கொந்தளிக்கும் கடல். இந்த அட்டவணைகளை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இதன் அழகு குறையவில்லை. இன்னொரு நுணுக்கமும் உண்டு: ஜிபிஎஸ் அலை வலப்பக்கமாகச் சுழன்று வருவது, பட்டுத் தெறித்தால் பெரும்பாலும் இடப்பக்கச் சுழற்சியாக மாறிவிடும், அதனால் கீழே பார்க்கும் ஆன்டெனாவை இடச்சுழிக்கே செய்து வைத்திருப்பார்கள்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2003இல் போன பிரிட்டனின் யூகே-டிஎம்சி செயற்கைக்கோளில் இதைச் சோதனைக்கு வைத்தார்கள், கடல், நிலம், பனி மூன்றிலிருந்தும் தெறிப்பு கிடைத்தது. 2014 ஜூலையில் அதே பிரிட்டனின் டெக்டெமோசாட்-1 செயற்கைக்கோளிலும் வைத்தார்கள். அப்புறம்தான் பெரிய பாய்ச்சல், சிக்னஸ். எட்டு செயற்கைக்கோள்கள், ஒவ்வொன்றும் 29 கிலோவுக்குப் பக்கம், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் ரூஃப் தலைமையில். புயலுக்காகவே வடிவமைத்தது, அதனால் நிலநடுக்கோட்டுக்கு 35 டிகிரி சாய்வில் சுற்ற வைத்தார்கள், நம் ஊரெல்லாம் அதன் பாதைக்கு நன்றாக உள்ளேயே வருகிறது.

நம்மூர்க்காரர்களுக்கு இதில் ஒரு தற்செயல் உண்டு. 2016 டிசம்பர் 12, வர்தா புயல் சென்னை அருகே கரை கடந்த நாள், வேலூர் வரைக்கும் காற்றும் மழையும் வந்தது பலருக்கு நினைவிருக்கும். அதே டிசம்பர் 12 அன்றுதான் சிக்னஸை அனுப்ப ஃபுளோரிடாவிலிருந்து விமானம் கிளம்பியது. விமானத்தின் வயிற்றில் மாட்டிய பெகாசஸ் ராக்கெட்டைக் கழற்றிவிடும் ஹைட்ராலிக் பம்பு கோளாறானதால் அன்று திரும்பிவிட்டார்கள், 15ஆம் தேதிதான் விண்ணுக்குப் போனது.

புயலுக்கு இது ஏன் தேவைப்பட்டது? கடல் காற்றை அளக்க ஏற்கெனவே செயற்கைக்கோள்கள் உண்டு, நம் இஸ்ரோவின் ஓஷன்சாட், ஸ்கேட்சாட் எல்லாம் அந்த வேலைதான் செய்தவை. ஆனால் அவற்றின் அலை நீளம் இரண்டு சென்டிமீட்டர் அளவு, கனமழை அதை விழுங்கிவிடும். புயலின் கண்ணைச் சுற்றி எங்கே காற்று உச்சத்தில் இருக்கிறதோ அங்கேதான் மழையும் உச்சத்தில் இருக்கும், ஆக மிக முக்கியமான இடத்தில்தான் அளவு தடுமாறும். 19 சென்டிமீட்டர் அலை மழையைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. அதோடு எட்டு செயற்கைக்கோள்கள், ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் நாலு தெறிப்பு, எட்டும் ஓடியபோது எந்நேரமும் 32 இடங்களில் அளவு. வங்கக் கடலில் உருவாகி ஒரு ராத்திரியில் வலுக்கும் புயலுக்கு ஒரு நாளைக்கு ஒருமுறை பார்க்கும் செயற்கைக்கோள் எவ்வளவு போதும் என்று நீங்களே யோசியுங்கள். ஆனால் மிகக் கடுமையான காற்றில் இதற்கும் கூர்மை குறையும், கடல் ஒரு அளவுக்கு மேல் சொரசொரப்பான பிறகு இன்னும் கொஞ்சம் காற்று கூடினாலும் தெறிப்பில் மாற்றம் லேசாகத்தான் தெரியும். இதை மறைத்துப் பேசுவது சரியில்லை.

இந்த எட்டுக்கும் ராக்கெட் எஞ்சின் கிடையாது. ஒன்றையொன்று ஒட்டிப் போகாமல் பரவலாக நிற்க வைக்க, ஒரு செயற்கைக்கோளைத் திருப்பி அதன் பலகை முழுவதும் காற்றை எதிர்கொள்ளும்படி செய்வார்கள். அந்த உயரத்திலும் மெல்லிய காற்று இருக்கிறது, அதன் உராய்வில் அது கொஞ்சம் கீழே இறங்கும், இறங்கினால் சுற்று வேகம் கூடும், மற்றவற்றை முந்திப் போகும். வேண்டிய இடைவெளி வந்ததும் நேராக்கிவிடுவார்கள். காசில்லாத இடத்தில் மூளையைப் போடுவது என்றால் இதுதான்.

நிலத்தின் மேல் வந்த பலன் சிக்னஸின் முதல் நோக்கமே இல்லை. நிலத்திலும் கருவி ஓடிக்கொண்டுதான் இருந்தது, பார்த்தால் ஆறுகளும் சதுப்பு நிலங்களும் கோடு போட்டதுபோல் பளிச்சென்று வந்தன. இதே காலத்தில் இன்னொன்று நடந்தது. மண் ஈரத்துக்காகவே நாசா 2015 ஜனவரியில் அனுப்பிய ஸ்மாப் செயற்கைக்கோளின் ரேடார் அதே வருஷம் ஜூலையில் செத்துப்போனது. அனுப்பும் பாகம்தான் போனது, கேட்கும் பாகம் நல்லபடியாக இருந்தது. அதை ஜிபிஎஸ் அலைவரிசைக்கு மாற்றித் திருப்பிவிட்டார்கள், ஆறு மீட்டர் ஆன்டெனாவில் தெறிப்புகள் வந்து விழுந்தன. அதன் பிறகு சீனாவின் புஃபெங்-1 இரட்டையர் 2019இல், தைவானின் டிரைட்டன் 2023இல், ஐரோப்பிய முகமையின் ஹைட்ரோஜிஎன்எஸ்எஸ் இரட்டையர் 2025 நவம்பரில். கடைசியாகச் சொன்னது மண் ஈரம், வெள்ளம், காடு இவற்றுக்காகவே செய்தது, எனக்கு அதன் மேல்தான் இப்போது கண்.

இனி நம் ஏரி. வட ஆற்காடு ஏரி மாவட்டம். வாலாஜா பக்கத்துப் பாலாறு அணைக்கட்டிலிருந்து கால்வாய் பிரிந்து காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி என்று நிறைத்துக்கொண்டு போகும், அதைத் தவிர ஊருக்கு ஊர் சின்ன ஏரிகள். வருஷத்தில் பாதி நாள் வேலிக்காத்தானும் வெடித்த சேறுமாகக் கிடக்கும், வடகிழக்குப் பருவமழையில் சில வாரத்தில் நிரம்பிக் கோடி போகும். இந்தச் சில வாரத்தில்தான் மேகம் விலகாது, சாதாரணப் படம் எடுக்கும் செயற்கைக்கோளுக்கு வெள்ளை மேகம்தான் தெரியும். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது அந்த நாட்களின் ஒளிப்படங்களைத் தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த மேகத்தை ஊடுருவி வரும் அளவு வேண்டும் என்றால் ஒன்று ரேடார், இல்லை இந்தத் தெறிப்பு.

எவ்வளவு சின்ன ஏரி வரைக்கும் தெரியும்? கொந்தளிக்கும் கடலில் ஒரு அளவு சுமார் 25 கிலோமீட்டர் பரப்பின் சராசரி. அசையாத தண்ணீரில் கதை மாறும், தெறிப்பு கிட்டத்தட்ட முழுதும் அரை கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டத்திலிருந்து வரும். ஆனால் செயற்கைக்கோள் ஓடிக்கொண்டிருப்பதால் அரை நொடி சேர்க்கும்போது அந்த வட்டம் மூன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு இழுபடும். முன்பு ஒரு நொடி சேர்த்தார்கள், 2019 ஜூலையில் அரை நொடியாகக் குறைத்ததே நிலத்து வேலைக்குப் பெரிய உதவி. உதாரணத்துக்கு, அறுபது ஏக்கர் ஏரி ஒன்று ஏறக்குறைய அரை கிலோமீட்டருக்கு அரை கிலோமீட்டர். அந்த இழுபட்ட பட்டையில் ஏழில் ஒரு பங்குதான் ஏரி, இருந்தாலும் தண்ணீர்ப் பகுதியின் தெறிப்பு சுற்றியுள்ள மண்ணைவிட அவ்வளவு வலு என்பதால் அதுவே அட்டவணையில் தலைகாட்டிவிடும். தண்ணீர் மேல் ஆகாயத்தாமரையோ கோரையோ இருந்தாலும் அடியில் உள்ள தண்ணீர் தெரிய வாய்ப்பு உண்டு, இது ஒளிப்படத்தால் ஆகாத காரியம்.

ஆனால் பட்டை எங்கே விழும் என்பது நம் கையில் இல்லை. மேலே ஜிபிஎஸ் எங்கே, கேட்கும் செயற்கைக்கோள் எங்கே என்பதைப் பொறுத்துத் தெறிக்கும் புள்ளி அமையும். இன்றைக்கு உங்கள் ஏரி மேல் விழலாம், அடுத்தது பள்ளிகொண்டா பக்கம் விழலாம், மறுபடி அதே ஏரிக்கு வரப் பல நாள் ஆகலாம். அதனால்தான் வெளியிடப்படும் மண் ஈரத் தரவுகளில் பெரும்பாலானவை 36 கிலோமீட்டர், 9 கிலோமீட்டர் என்று பெரிய கட்டங்களாக இருக்கும். ஒரு தாலுகாவுக்கு இந்த வாரம் ஈரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கேளுங்கள், நல்ல பதில் கிடைக்கும். "என் மூணு ஏக்கர்" என்று கேட்டால் கிடைக்காது, கிடைக்கிறது என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். ஜவ்வாது மலை, ஏலகிரி, வேலூர் நகரைச் சுற்றி நிற்கும் பாறைக் குன்றுகள் எல்லாம் தெறிப்பைக் குழப்பும், அடர்ந்த கரும்பும் தென்னந்தோப்பும் வலுவைக் குறைக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு, பலர் சொல்லாதது: ஜிபிஎஸ் நம்முடையது இல்லை. சில ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அனுப்பும் வலுவை இடத்துக்கு இடம் ஏற்றி இறக்குவார்கள், கீழே எதுவும் மாறாமலே தெறிப்பு கூடிவிட்டதுபோல் தெரியும். சிக்னஸ் குழு மேல்நோக்கிய ஆன்டெனாவில் நேராக வரும் அலையையும் அளந்து அதைச் சரிக்கட்ட வேண்டி வந்தது.

இப்போது கம்பம். கரையில் நாலு மீட்டர் உயரத்தில் ஒரு சாதாரண ஆன்டெனா வைக்கிறீர்கள் என்று வையுங்கள், உயரம் தண்ணீர் மட்டத்திலிருந்து. ஒரு ஜிபிஎஸ் செயற்கைக்கோள் அடிவானத்திலிருந்து மெல்ல ஏறும்போது அதன் நேர் அலையும் தண்ணீரில் பட்ட அலையும் ஒன்றாக ஆன்டெனாவுக்கு வரும், சில நேரம் ஒன்றையொன்று தூக்கிவிடும், சில நேரம் அமுக்கிவிடும். கருவி காட்டும் சிக்னல் வலு ஏறி இறங்கி ஏறி இறங்கி அலையாகப் போகும். ஐந்து டிகிரியிலிருந்து 25 டிகிரி ஏறுவதற்குள், நாலு மீட்டர் உயரத்துக்கு சுமார் 14 ஏற்ற இறக்கம் வரும். ஏரி ஒரு மீட்டர் ஏறி ஆன்டெனாவுக்கும் தண்ணீருக்கும் மூன்று மீட்டர்தான் என்று ஆனால் பத்து பத்தரைதான் வரும். அந்த எண்ணிக்கையிலிருந்து நீர்மட்டம் நேரடியாகக் கிடைத்துவிடும், தண்ணீரில் எதையும் இறக்க வேண்டாம், சேறு அடைக்காது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் இருந்த கிறிஸ்டின் லார்சன் இந்த முறையை மண் ஈரத்துக்கும் பனிக்கும் நீர்மட்டத்துக்கும் வளர்த்தெடுத்தவர், பைத்தானில் இலவச மென்பொருளும் வெளியிட்டிருக்கிறார். விலை குறைந்த கருவிகளிலும் வேலை செய்கிறது. நம் மாவட்டத்தில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை, இறுதியாண்டு புராஜெக்ட் என்று எதையோ செய்வதற்கு இதைச் செய்யலாம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். செயற்கைக்கோள் சொல்வது சரியா என்று உரசிப் பார்க்கத் தரையில் அளவு வேண்டும், அது நம் ஏரிகளில் மிகக் குறைவு, அந்த இடைவெளியை இந்தக் கம்பம் அடைக்கும்.

செய்வதென்றால் சில விஷயம். கம்பம் நடுமுன் அனுமதி வாங்குங்கள், பெரிய ஏரிகளின் கரை நீர்வளத்துறை பொறுப்பு, சின்ன ஏரி என்றால் ஊராட்சி ஒன்றியம். மதகுப் பக்கம், ஆழம் உள்ள இடமாகப் பாருங்கள், கோடைக்காலத்திலும் முன்னால் கொஞ்சமாவது தண்ணீர் நிற்க வேண்டும். நாலு மீட்டர் உயரத்துக்கு ஐந்து டிகிரியில் வரும் அலை நாற்பத்தைந்து மீட்டர் தள்ளித் தண்ணீரில் படும், 25 டிகிரியில் ஒன்பது மீட்டருக்குள் வந்துவிடும், ஆகவே அந்தத் தூரம் முழுக்க எதிரே கருவேல மரமோ மேடோ இருக்கக் கூடாது. எல்லாத் திசையிலிருந்தும் செயற்கைக்கோள் ஏறும், ஏரி இருக்கும் திசையை மட்டும் எடுத்துக்கொண்டு கரைப்பக்கத்தை விட்டுவிடுங்கள். ஜிபிஎஸ்ஸோடு கலிலியோவையும் பெய்டோவையும் பிடிக்கும் கருவி வாங்கினால் ஒரு நாளில் அளவுகள் அதிகம் கிடைக்கும். மதகில் அடிக்கணக்கு எழுதிய அளவுகோல் இருந்தால் வாரம் ஒருமுறை அதைப் படித்துக் குறித்துக்கொண்டு ஒப்பிடுங்கள். ஆவணிக்குள் வைத்துவிட்டால் ஐப்பசி கார்த்திகையில் ஏரி ஏறுவதையும் பங்குனி வரைக்கும் இறங்குவதையும் ஒரே தொடராகப் பிடித்துவிடலாம், சிக்னஸ் தரவு நாசாவின் தளத்தில் இலவசம், அதே தேதிகளுக்கு இறக்கி பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.